பத்துக்கு நாலரை

உ
செண்பகவல்லி அம்மன் துணை

கோவில்பட்டி,
21-2-1999, ஞாயிறு.

பெரியவர் சண்முகராஜ் மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை வேலுத்தாயின் புருஷனும் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வியாபாரியுமான ஆறுமுகசாமி, பம்பாய்த் திசை பார்த்துக் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் கடையும் சௌக்கியம். பிள்ளைகள் இருவரும் சௌக்கியம். உங்கள் தங்கை மட்டும் சௌக்கியமில்லை என்று எழுதும்படி பெரியவளிடம் சொல்லியனுப்பினாள். ஆனால் அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தத்தை வைத்துப் பார்த்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றே படுகிறது. அவ்விடம் தாங்களும் சங்கரம்மாள் அக்காவும் தாராவிப் பாத்திரக் கடையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

நிற்க. இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கடைசி வரி வரைக்கும் வாசிக்கவும். நடுவில் கிழிக்க வேண்டாம். போன் போட்டால் என் குரல் கேட்டதுமே டொக்கென்று வைத்துவிடுகிறீர்கள், எஸ்.டி.டி. பூத்துக்காரன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். ஆகவே எழுத்து மூலமாகவே தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், சத்யபிரியாவுக்குக் கல்யாணம் இல்லை. நிச்சயமும் இல்லை. பேச்சு வார்த்தைகூட இல்லை. உங்க கையில இருக்குத இங்கிலீஷ் லெட்டர் கல்யாண அழைப்பே கிடையாது மச்சான், அது சின்னவ ஜெயப்பிரியாவோட டெஸ்ட் பேப்பர்! தாய்மாமன் நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது உங்களக் கேக்காம நான் பெரியவள ஒருத்தன் கையில புடிச்சுக் குடுப்பேனா? அப்படிக் குடுத்துட்டு உங்க தங்கச்சி கையால ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சுற முடியுமா?

நடந்ததச் சொல்லுதேன், கேளுங்க. ஜெயப்பிரியா இந்த வருஷம் பத்தாவது. கணக்குன்னா ஊதித் தள்ளிருவா. இங்கிலீஷ் ரெண்டாம் பேப்பர்ல மட்டும் அரைப் பரீட்சையில விழுந்துட்டா. அந்தப் பேப்பர்ல ரெண்டு கண்டம் இருக்காம். ஒண்ணு, முன்னப்பின்னப் பாத்திராத ஒரு பத்தியக் குடுத்து, இத வாசிச்சுட்டு கீழ உள்ள கேள்விக்குப் பதில் எழுதுன்னு சொல்லுதது. இன்னொண்ணு, கடிதம் எழுதுதது. ரெண்டையும் மனப்பாடம் பண்ணிட்டுப் போக முடியாதாம். நம்ம பிள்ளையோ கைடு முழுக்க அட்டையோட சேத்து ஒப்பிக்கிற பிள்ளை. பத்தியப் பாத்ததும் "இது கைடுல இல்லியே"ன்னு பேனாவ வச்சுட்டு அழுதிருக்கா. இங்கிலீஷ்ல போச்சுன்னா பதினொண்ணாவது கிடையாது, என் கண்ணு முன்னால அவ புண்ணாக்கு நிறுத்துக்கிட்டு உக்காரணும். நேரா ஜேம்ஸ்ராஜ் சார்ட்ட கூட்டிட்டுப் போயி டியூசன்ல சேத்துட்டேன்.

ஜேம்ஸ்ராஜ் சார் இங்க பெரிய ஆளு. மொட்டை மாடியில கொட்டகை போட்டு நடத்துதாரு, அவரு போடுத சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேக்கும். "பதில் மேலேருந்து விழாதுலே! பத்திக்குள்ளயேதான் கெடக்கு! மொத வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் படிலே! பாதி படிச்சுட்டுப் பதில் எழுதுதவன் பூராவும் பெயிலு!" இதத்தான் தெனமும் சொல்லுவாரு. எனக்கு அந்தப் பேச்சு அப்படியே புடிச்சுப்போச்சு மச்சான். சாயங்காலம் கடையடச்சுட்டு வந்து நானும் பிள்ளைகூட உக்காந்துருவேன். அவ பத்திய இங்கிலீஷ்ல வாசிச்சு எனக்குத் தமிழ்ல அர்த்தம் சொல்லணும், அதான் பயிற்சி. ஒருநா ஒரு கப்பல் வந்துச்சு. பனிக்கட்டிக் கடல்ல போயி மாட்டிக்கிட்டு, உள்ள அம்புட்டு சனம், ரொட்டி தீந்துபோச்சு, கேப்டனுக்குக் காய்ச்சல். எனக்குப் படபடன்னு வருது. "அப்புறம் என்னாச்சு?"ன்னு கேக்கேன், "அவ்வளவுதாம்ப்பா, இதுக்கு மேல கேள்விதான்"ங்கா. அதெப்படி அவ்வளவுதான்? அம்புட்டு சனத்தையும் பனியில நிறுத்திட்டு இவன் பாட்டுக்கு அஞ்சு கேள்வி கேட்டா நியாயமா? மறுநா டியூசனுக்கே போயி சார்ட்ட கேட்டேன். "கப்பல் கரை சேந்துச்சா சார்?" அவரு என்னய ஏற எறங்கப் பாத்துட்டு, "அண்ணாச்சி, அது கேள்வித்தாள்ல வராது"ன்னுட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கப்பல் என்னாச்சுன்னு தெரியலே.

இப்பத்தான் விஷயத்துக்கு வாரேன். கடிதம் எழுதப் பழகுதாள்ல, அதுல ஒரு வழக்கம் இருக்கு. கடிதத்த எழுதி முடிச்சதும் அடியில ஒரு கட்டம் போடணும். அந்தக் கட்டந்தான் கவருன்னு வச்சுக்கிட்டு, அதுக்குள்ள யாருக்குப் போகுதோ அவுக விலாசத்த எழுதணும். மூலையில குட்டியா இன்னொரு கட்டம், அதுல ஸ்டாம்ப்புன்னு எழுதணும். கட்டம் இல்லேன்னா மார்க் போச்சு. பரீட்சையில பேருக்குப் பதிலா எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு போட்டாப் போதுமாம், ஆனா "பழகும்போது நெசமான ஆளுக்கு எழுதுங்க, அப்பத்தான் மனசுலேருந்து வரும்"னு சார் சொல்லியிருக்காரு. இது ஒண்ணும் எனக்குத் தெரியாது. நான் அஞ்சாப்புத் தமிழ். எனக்குத் தெரிஞ்சதெல்லாம், பிள்ளை மேசையில ஒரு லெட்டர் கெடக்கு, அடியில உங்க தாராவி விலாசம் முத்து முத்தா இருக்கு, ஸ்டாம்ப் ஒட்டுத எடம் காலியாக் கெடக்கு. பாவம், பிள்ளை எங்கிட்ட கவருக்குக் காசு கேக்கக் கூச்சப்படுதாளேன்னு எனக்கு மனசே ஆறல. கத்தரிய எடுத்து அந்தக் கட்டத்த வெட்டி, ஒரு கவர் மேல பசை போட்டு ஒட்டி, ஸ்டாம்ப்புன்னு எழுதியிருந்த எடத்துலயே நெச ஸ்டாம்ப்ப ஒட்டி, தபாலாபீஸ்ல நம்ம மந்திரமூர்த்திட்ட காட்டுனேன். "அண்ணாச்சி, விலாசம் டைப் அடிச்ச மாதிரில்லா இருக்கு"ன்னாரு. நெஞ்ச நிமித்திக்கிட்டுப் பெட்டியில போட்டேன்.

அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும். பொறந்தநாளுக்கு நீங்க கைக்கடியாரம் அனுப்பினதுக்கு நன்றி. நீங்க அனுப்பவே இல்ல. ஆனா நீங்க பெரிய மனுஷன் மச்சான், மருமக இப்படிக் குத்திக் காட்டுதாளேன்னு வெக்கப்பட்டு ஒரே வாரத்துல நெசமாவே ஒரு கடியாரத்த வாங்கி அனுப்பி வச்சுட்டீங்க! பார்சலப் பிரிச்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இங்கிலீஷ்ல ஒரு காயிதம் போட்டா பம்பாயிலேருந்து கடியாரம் வருதே! இத்தன வருஷம் தமிழ்ல எழுதி நாம என்னத்தக் கண்டோம்! அன்னைலேருந்து பிள்ளை எழுதுத ஒரு காயிதத்த விடல. சார் திருத்திக் குடுத்ததும் நான் எடுத்துருவேன். கடையில பொட்டலம் மடிக்கத்தான் கொண்டு போறேன்னு அவ நெனச்சிருக்கா. செவப்பு மையில திருத்தம், மார்க்கு எல்லாத்தோடயும், கட்டத்த வெட்டு, கவர்ல ஒட்டு, பெட்டியில போடு!

பலன் ஒண்ணொண்ணா வர ஆரம்பிச்சுது. மொதல்ல சுகாதார ஆபீஸ்லேருந்து ஆளுக வந்தாவ. புகை மிஷின், பிளீச்சிங் பவுடர் மூட்டை, கூடவே மணிகண்டபிரபுன்னு ஒரு எளந்தாரி இன்ஸ்பெக்டர், கயத்தாத்துப் பையன், வேலைக்குப் புதுசு. நம்ம தெருவுல குப்பை குமிஞ்சு கெடக்குன்னும் கொசுக்கடியில சனங்க கண்ணசர முடியலன்னும் ஜெயப்பிரியா எழுதியிருக்கா. மச்சான், நம்ம ஊர்ல கொசு முட்டை போடுததுக்குத் தேங்குன தண்ணி ஏது? தெருவ உங்க தங்கச்சி கூட்டுத கூட்டுல ஒரு சருகு கெடக்காது. ஆனா லெட்டர்ல செவப்பு மையில எழுதியிருந்ததால, மேலிடத்துலேருந்து யாரோ பெரிய ஆபீசர் குறிப்புப் போட்டு அனுப்பியிருக்காருன்னு பயந்து ஓடி வந்திருக்காவ. "எங்க சார் குப்பை?"ன்னு அந்தப் பையன் கேக்கான். பிள்ளை எழுதினது பொய்யாயிறக் கூடாதேன்னு நான் கொல்லைப்பக்கமா ஓடி, கடையிலேருந்து ஒரு சாக்குத் தூசியும் தவிடும் கொண்டாந்து தெருமுக்குல தட்டிட்டு, "இந்தா!"ன்னேன். ரொம்ப மரியாதையாக் குறிச்சுக்கிட்டான். கொசு மட்டும் அகப்படல. அதுக்காகவே அந்தப் பையன் திரும்பத் திரும்ப வந்தான் பாருங்க. நம்ம வீட்டு அண்டா, குடம், பூந்தொட்டி ஒண்ணு விடல. சத்யபிரியாதான் ஒவ்வொரு மூடியாத் தொறந்து காட்டுவா, இவன் டார்ச் அடிச்சுப் பாப்பான். அரசாங்க வேலையில இப்படி ஒரு கடமை உணர்ச்சியான்னு நான் கடைக்கு வாரவுகட்ட எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அடுத்தாப்ல, பொஸ்தகக் கடைக்கு ஆர்டர்னு பிள்ளை எழுதுன லெட்டருக்கு மெட்ராஸ்லேருந்து ஒரு பொஸ்தகக் கட்டு. இதுவும் கடியாரம் மாதிரி அன்பளிப்புத்தான்னு கைய நீட்டுதேன், தபால்காரர் கட்ட இழுத்துக்கிட்டு "மொதல்ல பணம்"ங்காரு. சரி, போகட்டும். அதுக்கு மறுநா விளாத்திகுளத்து மிக்கேல்ராஜ், நம்ம கடையில புண்ணாக்கு வாங்குத மொளகா வெவசாயி, டிவிஎஸ் பிப்டியில புழுதி பறக்க வந்து எறங்குதாரு. கண்ணு செவந்திருக்கு. "அண்ணாச்சி, என்னய நல்லாப் பாத்துக்கிடுங்க"ன்னு கடைமுன்னால வந்து நிக்காரு. பாத்தேன். "உசுரோடதான் இருக்கேன்லா?" "ஆமா, அதுக்கென்ன?"ன்னேன். சட்டைப் பையிலேருந்து ஒரு காயிதத்த எடுத்தாரு. அவரு மக சபிதாவும் ஜெயப்பிரியாவும் முன்னால ஒண்ணாப் படிச்ச சேக்காளிக. தகப்பனப் பறிகொடுத்த தோழிக்கு ஆறுதல் சொல்லி எழுதுன்னு டியூசன்ல கேள்வி வந்திருக்கு, நம்மவ சபிதாவுக்கு எழுதியிருக்கா, நான் போட்டுட்டேன், செத்துப்போனதா எழுதியிருந்த தகப்பனே கவரப் பிரிச்சு வாசிச்சிருக்காரு! நான் கால்ல விழப் போனேன். அவரு என்னயத் தூக்கி, "கோவமா வரல அண்ணாச்சி. என்னயப் பத்தி என் வீட்லகூட யாரும் இப்படி நல்லவிதமாப் பேசினதில்ல. வாசிச்சுட்டு நானே அழுதுட்டேன். எழுதுன பிள்ளையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்"ங்காரு. அந்த லெட்டருக்கு சார் பத்துக்கு ஏழு போட்டிருந்தாரு.

அந்நேரம் பாத்து ஜெயப்பிரியா பள்ளிக்கூடம் விட்டு வாரா. அவரு கையில இருந்த காயிதத்தப் பாத்தா. "அப்பா, இது என் டெஸ்ட் பேப்பர்லா? இது எப்படி மிக்கேல்ராஜ் மாமாட்ட போச்சு?" நான் பெருமையா, "எல்லாத்தையும் போட்டுட்டேம்மா, ஒண்ணு பாக்கியில்ல"ன்னேன். "எல்லாத்தையுமா? பம்பாய் மாமாவ அக்கா கல்யாணத்துக்கு வரச்சொல்லி எழுதுனேனே, அதையுமா?" நான் புண்ணாக்கு மூட்டை மேலயே உக்காந்துட்டேன். அன்னைக்கே பக்கத்துக் கடைக்கு உங்க போன் வந்துச்சு. உங்க தங்கச்சிதான் எடுத்தா. "தாய்மாமன் செத்தா போயிட்டேன்? அடுத்த மாசம் கல்யாணம், ஏபிசி மண்டபமாம், பெரிய மண்டபம் புடிக்க வக்கு இருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க நேரமில்லையா? அதுவும் சின்னப்பிள்ளைய விட்டு இங்கிலீஷ்ல எழுதச் சொல்லி! அது மேல பத்துக்கு நாலரைன்னு தாய்மாமனுக்கு மார்க்கு வேறயா? இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்!" இவ பேச வாயெடுக்கதுக்குள்ள வச்சுட்டீங்க.

மச்சான், கோவிச்சுக்கிடாம கேளுங்க. நீங்களும் ஜெயப்பிரியா செய்யுத தப்பத்தான் செஞ்சிருக்கீங்க. யாரோ பக்கத்துக் கடை மராட்டிக்காரரு மொத ரெண்டு வரிய வாசிச்சு "ஷாதி", கல்யாணம்னு சொல்லியிருப்பாரு, நீங்களும் மிச்சத்த விட்டுட்டீங்க. முழுசா வாசிக்கச் சொல்லுங்க. மாப்பிள்ளை பேரு இருக்க வேண்டிய எடத்துல எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு இருக்கும். அப்படி ஒரு பேருல நம்மள்ல யாராவது இருக்காவளா? ஏபிசின்னு கோவில்பட்டியில ஒரு மண்டபம் உண்டா? அந்த நாலரை உங்களுக்கு நாங்க போட்டதில்ல மச்சான், அழைப்பு விறைப்பா இருக்குன்னு பிள்ளைக்கு ஜேம்ஸ்ராஜ் சார் போட்டது. உங்களுக்கு மார்க்குப் போட நாங்க யாரு! அப்படியே போடணும்னா பத்துக்குப் பத்தும் போட்டு, கடியாரத்துக்குத் தனியா ரெண்டு சேத்துல்லா போடுவோம்.

இங்கன வீட்டு நெலமை என்னன்னா, உங்க தங்கச்சி எங்கூடப் பேசுததில்ல. நான் எதுக்கத்தான் உக்காந்திருக்கேன், "ஏட்டி சத்யா, ஒங்கப்பாவுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு"ங்கா. வேணும்னா உங்க தங்கச்சியேதான் வைக்கா, வச்சுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடுதா. "எங்கண்ணன் மிதிக்காத வாசல்ல நான் எதுக்குக் கோலம் போடணும்?"னு வாசல்ல கோலமே இல்ல. இவள நான் கெட்டுன நாள்லேருந்து இப்படிப் பாத்ததில்ல மச்சான், மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. அத விடப் பெருசு சின்னவ. "என்னாலதான மாமா பிரிஞ்சாவ, இனி எந்த லெட்டரும் எழுதமாட்டேன்"னு பேனாவ மூடி வச்சுட்டா. பரீட்சை அடுத்த மாசம்! கடிதக் கேள்விய விட்டுட்டா அவ பாஸாக வழியே இல்லன்னு சார் தலையில அடிச்சுக்கிடுதாரு. நானும் கெஞ்சிப் பாத்துட்டேன், சாரும் கெஞ்சிப் பாத்துட்டாரு. "மாமா நம்ம வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கட்டும், அப்புறம் எழுதுதேன்"ங்கா. புடிவாதத்துல அவ உங்களக் கொண்டுதான் பொறந்திருக்கா, வேற யாரச் சொல்ல?

அதனால கால்ல விழுந்து கேக்கேன். ஒரே ஒருநா வாங்க. கல்யாணம், காதுகுத்து எதுக்கும் இல்ல, சும்மா வாங்க. ஒரு காப்பி குடிச்சுட்டுக் கோவமாவே திரும்பிப் போனாலும் சரி. இந்தக் கடிதத்த வாசிச்சுட்டு ஜெயப்பிரியாவே செவப்புப் பேனாவ எடுத்து ஓரத்துல "விஷயத்தை முதல் வரியில் சொல்லவும், பத்திகள் மிக நீளம்"னு எழுதி, பத்துக்கு மூணு போட்டிருக்கா. அது எனக்குப் போட்ட மார்க்கு மச்சான். உங்களுக்கு இல்ல.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தங்களையும், தங்கள் கோபத்துக்கு என் இரண்டு கன்னங்களையும் சமர்ப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வார்த்தையைத் தட்டாத மைத்துனன்,
ஆறுமுகசாமி.

பின்குறிப்பு: மச்சான், கவரை ஒட்டப் போகும்போது வாசலில் கார் வந்து நின்றதால் இதையும் எழுதுகிறேன். மேல கல்யாணம் இல்ல, நிச்சயம் இல்ல, பேச்சு வார்த்தைகூட இல்லன்னு எழுதியிருக்கேன்லா, அந்த மூணாவத மட்டும் அடிச்சுவிட்ருங்க. அந்தக் கொசு இன்ஸ்பெக்டர் மணிகண்டபிரபு, அவிய அம்மாவையும் அப்பாவையும் கூட்டிட்டு, தட்டு நெறைய பூவும் பழமுமா வந்து உக்காந்திருக்கான். சத்யபிரியாவக் கேட்டு வந்திருக்காவ! விசாரிச்சா, கயத்தாத்துல நம்ம சங்கரம்மாள் அக்கா பொறந்த தெருவுக்கு அடுத்த தெரு, அக்காவுக்குச் சொந்தமாக்கூட வரும்போல. எனக்கு ஒண்ணும் புரியல. உள்ள போயி சத்யபிரியாட்ட "என்னம்மா இது?"ன்னு கேட்டேன். "கொசுவே இல்லாத தெருவுக்கு ஒரு மனுஷன் எதுக்கு இத்தன தடவ வாராருன்னு ஒங்களுக்கு இப்பத்தான் தெரியுதாப்பா?"ன்னு கேக்கா. அதுவும் சரிதான். பதில் பூராவும் வீட்டுக்குள்ளயே கெடந்திருக்கு, நாந்தான் வாசிக்கல.

சரின்னு ஒரு வார்த்தை சொல்லல மச்சான். தட்டையும் கையால தொடல. "பொண்ணுக்குத் தாய்மாமன் பம்பாயில இருக்காவ, அவிய வந்து சொல்லாம எங்க வீட்ல எதுவும் நடக்காது"ன்னு சொல்லி உக்கார வச்சிருக்கேன். அதக் கேட்டுட்டு உங்க தங்கச்சி அடுப்படியிலேருந்து வெளிய வந்து, எத்தனையோ நாளைக்கப்புறம் எம்மூஞ்சியப் பாத்து, "காப்பிக்குச் சீனி போதுமா?"ன்னு கேட்டுட்டா. உடனே பொறப்பட்டு வாங்க. வரும்போது அந்த இங்கிலீஷ் லெட்டர மறக்காமக் கொண்டு வாங்க. அதுல எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு இருக்குத எடத்துல மாப்பிள்ளை பேர நீங்கதான் உங்க கையால எழுதணும். பேனா ஜெயப்பிரியா தாரேங்கா.